அம்மாவை அடிக்கும் வீட்டில் வளரும் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவனிடம் அடிபடும் பெண்கள், அவர்களுடைய பெற்றோர், பள்ளி ஆசிரியர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சட்டம் பற்றிய பதில்கள் இந்தியாவுக்கும், உதவிகள் பற்றியவை தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். இந்த நிமிடமே ஆபத்து என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு 112-ஐ அழையுங்கள். மகளிர் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. மூன்றும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

அவர் என்னைத்தான் அடிப்பார். பிள்ளைகள் மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அவர்களுக்கு என்ன பாதிப்பு வந்துவிடும்?

நிறைய அம்மாக்கள் ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருக்கும் நம்பிக்கை இது. ஆனால் ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் இருக்கும் வீட்டில் பிள்ளைக்குத் தெரியாமல் எதுவும் நடப்பதில்லை. கதவைச் சாத்தினாலும் சத்தம் கேட்கும். சத்தம் கேட்காவிட்டாலும் காலையில் அம்மாவின் முகம் தெரியும். அப்பாவின் வண்டி வந்து நிற்கும் விதத்தையும் செருப்பைக் கழற்றும் விதத்தையும் வைத்தே இன்று இரவு எப்படிப் போகும் என்று கணக்குப் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறு வயதில் போடவேண்டிய கணக்கா அது?

இப்படி எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும் பிள்ளையின் உடம்பு ஓய்வுக்கே வருவதில்லை. பயம் வந்தால் சுரக்கும் ஹார்மோன்கள் பயம் போனதும் அடங்கவேண்டும். பயமே அன்றாடம் ஆகிவிட்டால் அவை அடங்காமல் தூக்கம், செரிமானம், கவனம், நோய் எதிர்ப்பு என்று எல்லாவற்றையும் தொந்தரவு செய்யும். அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் 1990-களில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய சிறுவயது பற்றிக் கேட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பிள்ளைப் பருவத்தில் ஒருவருக்கு நேரக்கூடிய கொடுமைகளாக அதில் எடுத்துக்கொண்டவற்றில் 'அம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்ந்தது' என்பதும் ஒன்று. அப்படிப்பட்ட அனுபவங்கள் கூடக்கூட, பெரியவர்களான பிறகு மனச்சோர்வு, குடி, தற்கொலை முயற்சி, இதய நோய் ஆகியவையும் கூடியிருந்தன. ஆகவே, பிள்ளை மேல் கை படவில்லை என்பதற்காகப் பிள்ளை தப்பித்துவிட்டது என்று நினைக்க முடியாது.

கைக்குழந்தைக்கு என்ன தெரியும்?

சண்டை என்னவென்று தெரியாது. கோபக் குரல் தெரியும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளைத் தூங்கவைத்து, பலவிதக் குரல்களைக் கேட்கவிட்டு, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள் ஒரேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2013-ல் வெளியான ஆய்வு அது. தூக்கத்திலும் கோபக் குரலுக்கு மூளை தனியாக எதிர்வினை காட்டியது. பெற்றோர் சண்டை அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளிடம் அது கூடுதலாக இருந்தது.

வயிற்றில் இருக்கும்போதே இது ஆரம்பமாகிறது. கர்ப்பத்தில் அடிபடும் பெண்களுக்குக் குறைப்பிரசவமும், எடை குறைந்த குழந்தையும் நேரும் வாய்ப்பு அதிகம். பரிசோதனைக்குப் போகும்போது நர்ஸ் அக்காவிடமோ டாக்டரிடமோ தனியாக இருக்கும்போது சொல்லிவிடுங்கள். கூட வந்திருக்கும் மாமியாரையோ கணவரையோ வெளியே உட்காரச் சொல்ல அவர்களுக்குத் தெரியும்.

பிள்ளையிடம் என்ன மாற்றம் தெரியும்?

வயதுக்கு ஏற்ப மாறும். சின்னக் குழந்தைகள் அம்மாவை விட்டு நகரவே மாட்டார்கள், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும், பேசத் தொடங்கிய குழந்தை பேச்சைக் குறைத்துக்கொள்ளும். படுக்கையில் சிறுநீர் கழிப்பதை நிறுத்திய நான்கு வயதுப் பிள்ளை மறுபடி ஆரம்பிக்கும். அதற்காக அந்தப் பிள்ளையை அடிப்பதோ அவமானப்படுத்துவதோ கொடுமை.

பள்ளி வயதில் அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி என்பார்கள். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். வலி பொய் இல்லை. பள்ளிக்குப் போய்விட்டால் வீட்டில் அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அப்படி வெளிவரலாம். சிலர் வகுப்பில் எல்லோரையும் அடிப்பார்கள். சிலர் எதற்கும் வாய் திறக்காத 'நல்ல பிள்ளை' ஆகிவிடுவார்கள். இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகளைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். முதல் மதிப்பெண் வாங்கி, தம்பிக்குச் சோறு ஊட்டி, அம்மாவுக்கு மருந்து தடவி, எதற்கும் அழாத பத்து வயதுப் பெண்ணைப் பார்த்துப் 'பொறுப்பான பிள்ளை' என்று ஊர் மெச்சும். அவள் தன் பிள்ளைப் பருவத்தை விட்டுக்கொடுத்து அந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள் என்பதை யாரும் கேட்பதில்லை.

பதின்ம வயதில் வீட்டுக்கே வராமல் வெளியே சுற்றுவது, படிப்பை விடுவது, கையைக் கிழித்துக்கொள்வது, வீட்டை விட்டு எப்படியாவது போனால் போதும் என்று அவசரமாக யாரையாவது நம்பிக் கல்யாணம் செய்துகொள்வது, இவையெல்லாம் வரும். இந்த அறிகுறிகளுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஒன்றிரண்டை வைத்து முடிவு கட்டாமல் பிள்ளையிடம் பேசுங்கள். செத்துப்போய்விடலாம் என்பது போல ஒரு சொல் வந்தால் தாமதிக்கவேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படியா?

இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்தியா முழுவதுக்குமான கணக்கு 29. படிப்பிலும் வேலையிலும் முன்னால் நிற்பதாகப் பெருமைப்படும் மாநிலத்தின் கணக்கு இது. நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான்.

பிள்ளைகளுக்காகத்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு இருக்கிறேன். அப்பா இல்லாமல் வளர்ந்தால் அவர்கள் கெட்டுப்போய்விட மாட்டார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவள் முன்னால் பயங்கள் வரிசையாக நிற்கின்றன: வாடகை, பள்ளிக் கட்டணம், 'வாழாவெட்டி' என்ற பேச்சு, தங்கையின் கல்யாணம், நாளை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது 'அப்பா எங்கே' என்று கேட்பார்களே என்ற கவலை. எல்லாம் உண்மையான பயங்கள். அம்மா வீட்டுக்குப் போனால் 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று சொல்லி, புதுப்புடவை வாங்கிக் கொடுத்து மறுபடி பஸ் ஏற்றிவிடும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி எடுக்கும் முடிவு என்றால் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் எடுக்கவேண்டும். ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இது: பிள்ளையைப் பாதிப்பது பயத்தில் வளர்வது. ஒற்றைப் பெற்றோரிடம், பணக் கஷ்டத்தோடு, ஆனால் பயமில்லாமல் வளரும் பிள்ளை தேறிவிடுகிறது. அம்மா, பாட்டி, மாமா, சித்தி, ஒரு டீச்சர் என்று நிலையாக, அன்பாக ஒருவர் கூட இருந்தால் அது இன்னும் வேகமாகத் தேறும். தினமும் பயந்துகொண்டு இரண்டு பெற்றோருடன் வளரும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பே தள்ளிப்போகிறது. 'எங்களுக்காகத்தான் அம்மா அடி வாங்கினாள்' என்ற பாரத்தையும் வளர்ந்த பிறகு அது சுமக்கவேண்டியிருக்கும்.

அதற்காக இன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள் என்று யாரும் சொல்லக்கூடாது. பிரிந்து போகிறாள் என்று தெரியவரும் சமயத்தில்தான் பல ஆண்கள் மிக மோசமாகத் தாக்குகிறார்கள். எப்போது, எப்படி, யாருடைய துணையோடு என்பதை யோசித்துச் செய்யவேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், நகை ரசீது, மருத்துவச் சீட்டுகள், கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் நம்பகமான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். அசல் எடுக்க முடியாவிட்டால் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். உங்கள் போனை அவர் பார்ப்பார் என்றால் உதவி எண்களை அழைக்க வேறு போனைப் பயன்படுத்துங்கள். கிளம்பும் நாளைச் சின்னப் பிள்ளைகளிடம் முன்னதாகச் சொல்லாதீர்கள். ரகசியம் காக்கும் சுமையை அவர்கள் தலையில் ஏற்றவேண்டாம்.

அடிப்பதில்லை. கெட்ட வார்த்தையில் திட்டுவார், செலவுக்குப் பணம் தரமாட்டார், என் சம்பளத்தையும் வாங்கிக்கொள்வார். இதுவும் வன்முறையா?

ஆம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நான்கு வகைகளைச் சொல்கிறது: உடல், பாலியல், சொல்லாலும் மனத்தாலும் செய்வது, பொருளாதாரம். ஆண் பிள்ளை பெறவில்லை என்று குத்திக்காட்டுவதும், செலவுக்குத் தராமல் பட்டினி போடுவதும், உங்கள் நகையை விற்பதும் இதில் அடங்கும். 'பிள்ளையைக் கொன்றுவிடுவேன்' என்று மிரட்டுவதும் அடங்கும். மனைவிக்கு மட்டுமான சட்டமும் இல்லை இது. திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழும் பெண், அம்மா, அக்கா தங்கை, மகள் எல்லோரும் இதன்கீழ் வருவார்கள்.

குடித்தால்தான் இப்படி. குடியை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா?

குடி அடியைக் கூட்டுகிறது, உண்மை. டாஸ்மாக் கடை வாசலில் கரையும் சம்பளம்தான் பல வீடுகளில் சண்டையின் ஆரம்பம். ஆனால் அதே மனிதர் குடித்துவிட்டு முதலாளியை அடிப்பதில்லை, போலீஸ்காரரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியை அடிக்கிறார். யாரை அடிக்கலாம் என்ற தெளிவு போதையிலும் இருக்கிறது. குடிநோய்க்குச் சிகிச்சை அவசியம், அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். சிகிச்சை முடிந்து வரும்வரை நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருப்பது தனி வேலை.

என் மகனும் அப்பாவைப் போலவே ஆகிவிடுவானோ?

ஆகவேண்டும் என்ற விதி இல்லை. அம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்ந்த ஆண்கள் பின்னால் மனைவியை அடிக்கும் வாய்ப்பும், அப்படி வளர்ந்த பெண்கள் அடியைச் சகித்துக்கொள்ளும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதே ஆய்வுகளில், அப்படி வளர்ந்தும் கை நீட்டாதவர்கள் ஏராளம். 'நம் வீடு மாதிரி என் வீடு இருக்கக்கூடாது' என்று சின்ன வயதிலேயே தீர்மானித்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகன் தங்கையை அடிக்கும்போது 'அப்பன் புத்தி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் பயப்படுவதே அதற்குத்தான். செயலைக் கண்டியுங்கள்: 'இந்த வீட்டில் யாரும் யாரையும் அடிக்கக்கூடாது, நீயும்தான், நானும்தான்.' நானும்தான் என்பதைக் கவனியுங்கள். அடி வாங்கிய ஆத்திரத்தைப் பிள்ளை முதுகில் இறக்கும் அம்மாக்கள் உண்டு. அப்படி நடந்திருந்தால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு, நிறுத்திக்கொள்ளலாம்.

நடந்ததைப் பிள்ளையிடம் என்னவென்று சொல்வது?

நடக்கவே நடக்காதது போல இருந்துவிடுவதைத்தான் பெரும்பாலும் செய்கிறோம். அப்போது பிள்ளை தானாகவே ஒரு காரணம் கண்டுபிடிக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் 'நான்தான்' என்பதாக இருக்கும். மார்க் குறைந்ததால், பால் கொட்டியதால், ஃபீஸ் கேட்டதால் அப்பா அம்மாவை அடித்தார் என்று நம்பும் பிள்ளைகள் பலர்.

எளிமையாகச் சொன்னால் போதும். 'நேற்று நடந்தது தப்பு. உன்னால் நடக்கவில்லை. நீ பயந்திருப்பாய். என்னிடம் எது வேண்டுமானாலும் கேட்கலாம்.' அப்பாவைப் பற்றிக் கேவலமாகப் பேசி முடிக்காதீர்கள். பிள்ளை அவரையும் நேசிக்கும், அவர்மேல் கோபமும் கொள்ளும், இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும். 'அப்பாவிடம் போய் இதைச் சொல்', 'அப்பா யாரிடம் போனில் பேசுகிறார் என்று பார்' என்று பிள்ளையைத் தூது விடுவதும் வேவு பார்க்க வைப்பதும் கூடவே கூடாது.

அடிக்கும்போது மகன் நடுவில் வந்து தடுக்கிறான்.

அவன் காயப்படும் வாய்ப்பு அதிகம். அமைதியான ஒரு நேரத்தில் சொல்லிவையுங்கள்: 'என்னைக் காப்பாற்றுவது உன் வேலை இல்லை. தங்கையைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு அத்தையிடம் போய்விடு, அங்கிருந்து 112-க்குப் போன் செய்.' வீட்டு முகவரியைச் சொல்லத் தெரியவேண்டும். அந்த அத்தையிடமும் முன்கூட்டியே பேசிவைக்கவேண்டும்.

சட்டப்படி யாரிடம் போவது? என்ன கிடைக்கும்?

2005-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் பார்ப்பது உங்கள் பாதுகாப்பைத்தான். இது பலருக்குத் தெரியாததால் 'அவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லை' என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவர் உங்கள் புகாரை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். நீங்கள் நேரடியாகவும் மனு போடலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம். அம்மா வீடு திருச்சியில் என்றால் திருச்சியில்.

நீதிமன்றம் தரக்கூடியவை: உங்களை அடிக்கவோ தொடர்புகொள்ளவோ கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் செலவுத் தொகை, மருத்துவச் செலவு, நஷ்ட ஈடு, பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், நீங்கள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் குடியிருப்பு உரிமை கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 60 நாளில் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கிறது. அதனால் மனு போடும்போதே இடைக்கால உத்தரவையும் கேட்டுவிடுங்கள்.

கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்குக் குற்ற வழக்கும் போடலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 85, 86 பிரிவுகளாக இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்கவேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. மாவட்டங்களில் இயங்கும் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவ உதவி, ஆலோசனை, சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம்.

மகளிர் காவல் நிலையத்தில் 'அனுசரித்துப் போம்மா' என்று பேசி அனுப்பிவிட்டார்கள்.

அப்படிச் சொல்வது தவறு, ஆனால் நடக்கிறது. புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது கேளுங்கள். எஃப்.ஐ.ஆர் போட மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டுக்கும் கொண்டுபோகலாம். காயம் இருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லாமல் யார் அடித்தது என்று சொல்லிப் பதியவைத்து ஏ.ஆர் காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) வாங்குங்கள். வழக்கில் அந்த ஒரு தாள் பெரிய துணை.

பிள்ளைகளை அவர் பிடுங்கிக்கொள்வாரா?

'போனால் போ, பிள்ளையை விட்டுவிட்டுப் போ' என்பது மிகப் பழைய மிரட்டல். இந்துச் சட்டப்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்கவேண்டும். அதற்கு மேற்பட்ட வயதில் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலன். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் தற்காலிகப் பொறுப்பு கேட்கலாம். அப்பா வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கெடுதல் என்று மாஜிஸ்திரேட் கருதினால் அதை மறுக்கவும் அதே பிரிவில் இடமுண்டு. பிள்ளை தாக்கப்பட்டிருந்தால் அதன் பள்ளிக்குள் அவர் நுழையத் தடையும் கேட்கலாம். சில நீதிமன்றங்களில் 'மனைவியைத்தானே அடித்தார், நல்ல அப்பாதானே' என்ற வாதம் இன்னும் எடுபடுகிறது. அதனால் பிள்ளையின் தூக்கமின்மை, பயம், பள்ளியில் தெரிந்த மாற்றம் ஆகியவற்றை டாக்டரிடம் காட்டிப் பதிவு செய்து வையுங்கள்.

ஊர் மாறி வந்துவிட்டோம். பழைய பள்ளியில் டி.சி. தர மறுக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம் 2009 உதவும். டி.சி. தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்க மறுக்க முடியாது. அப்பாவின் கையெழுத்துக்காகப் பிள்ளையின் படிப்பு காத்திருக்கவேண்டாம்.

நான் ஆசிரியர். வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது.

தனியாகக் கூப்பிட்டு, 'கொஞ்ச நாளாக நீ சரியாக இல்லையே, என்ன?' என்று கேளுங்கள். துருவவேண்டாம். சொன்னால் நம்புங்கள். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் 1098-க்குச் சொல்லவேண்டி வரலாம். அப்பாவை அழைத்து விசாரிப்பது ஆபத்து. அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். வீட்டுப்பாடம் எழுதாததற்கு வெளியே நிற்கவைக்காமல் இருப்பதும் உதவிதான்.

நான்தான் அடித்தேன். பிள்ளைகள் என்னைக் கண்டால் ஒளிகிறார்கள்.

இதைக் கேட்க முன்வந்தது நல்லது. 'அவள் பேச்சு அப்படி' என்ற விளக்கத்தை முதலில் விடுங்கள். அடிப்பது உங்கள் முடிவு. பிள்ளைகளிடம் 'நான் செய்தது தப்பு, அம்மாமேல் தப்பில்லை' என்று சொல்லுங்கள். உடனே வந்து ஒட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கட்டாயப்படுத்திக் கட்டிப்பிடிக்கவேண்டாம். மனைவி கொஞ்ச காலம் தனியாக இருக்க விரும்பினால் செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டு விலகி இருங்கள். குடி இருந்தால் சிகிச்சைக்கும், கோபத்துக்கு மனநல ஆலோசனைக்கும் நீங்களாகவே போங்கள். மனைவி வற்புறுத்திப் போனதாக இருக்கக்கூடாது.

பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கிறது. அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடலாமா?

தலையிடலாம். குடும்ப வன்முறை நடக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று நம்பும் யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காவது பிரிவு சொல்கிறது. நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. அந்த நேரத்தில் காலிங் பெல்லை அடித்துச் 'சர்க்கரை இருக்கா அக்கா?' என்று கேட்டாலே சில சமயம் அடி நிற்கும். கத்தி, மண்ணெண்ணெய் என்று ஏதாவது காதில் விழுந்தால் உள்ளே போகாமல் 112-ஐ அழையுங்கள். மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு அந்தப் பெண்ணிடம், 'எந்த நேரமானாலும் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பு' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.